கோண்டாவில் வீட்டுக்கு விளம்பரம் எழுதித் தந்த தங்கச்சி

வீடு விற்க விளம்பரம் எழுதித் தருவதற்கென்றே யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருக்கிறார் என்று மச்சான் சொன்னபோது, நாலு வரி எழுதுவதற்கு ஒரு ஆளா என்றுதான் முதலில் கேட்டேன். இப்போது வீடு விற்று, காணிப் பத்திரமான உறுதியும் எழுதியாயிற்று. காணி, வீடு விற்க நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. தனியாளாகச் செய்கிறார், கடையும் இல்லை, போர்டும் இல்லை, ஒருவர் சொல்லி இன்னொருவர் என்றுதான் வேலை வருகிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்களிடம் வாங்கியது 7,500 ரூபா. எனக்குத் தங்கச்சி வயது, அதனால் இங்கேயும் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

வளவு அம்மாவின் சீதனம், வீடு 1978இல் அப்பா கட்டியது. அப்பா இல்லை. அக்கா ரொறன்ரோவில், அண்ணா லண்டனில், நான் மானிப்பாயில். அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் ஏலாது, அந்தப் பெரிய வளவில் தனியே கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருக்க முடியாது என்று எல்லோருமாகப் பேசித்தான் விற்க முடிவெடுத்தோம். அம்மா சம்மதித்தார், ஆனால் மனம் முழுக்கச் சம்மதித்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

புரட்டாதியில் ஒரு தரகு அலுவலகத்திடம் கொடுத்தோம். அவர்கள் போட்ட விளம்பரம் இதுதான்: "கோண்டாவிலில் அழகிய வீடு விற்பனைக்கு! அமைதியான சூழல், சகல வசதிகளும் உண்டு, நல்ல தண்ணீர், பிரதான வீதிக்கு அண்மை, நகரிலிருந்து 5 நிமிடம். வெளிநாட்டவர்களுக்கு மிக உகந்தது. விலை பேசித் தீர்மானிக்கலாம்." பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, பத்திரிகையில் வருகிற எல்லா விளம்பரமும் அப்படித்தானே இருக்கிறது. அதுதான் சிக்கல் என்று பிறகுதான் விளங்கியது. எந்த வீட்டுக்கும் அந்த விளம்பரத்தை எடுத்து ஒட்டலாம், அதில் எங்கள் வீடு எங்கேயும் இல்லை. நாலு மாதத்தில் அறுபது எழுபது போன் வந்திருக்கும், எல்லோரும் கேட்டது அதே ஐந்து கேள்வி. எத்தனை பரப்பு, கிணறு எப்படி, வான் உள்ளே வருமா, உறுதி யார் பேரில், கடைசி விலை என்ன. வேலைக்கு நடுவில், கோயிலில், ஒருமுறை செத்தவீட்டில் நின்றுகொண்டு கூட இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வருகிற ஒடுங்கிய ஒழுங்கையின் முடக்கிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் ஒரு குடும்பம் உண்மையாகவே விரும்பி வந்தது. இரண்டு தரம் வந்து பார்த்தார்கள், அம்மாவோடு இருந்து தேத்தண்ணி குடித்தார்கள், முற்பணம் தர நாளும் பார்த்தாயிற்று. உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டில் அதை வாசிக்கும்போதுதான், கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்ற இடம் வந்தது. அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான், சண்டை ஒன்றும் போடவில்லை. எழும்பிப் போனார்கள். தரகு அலுவலகத்துக்குப் பங்குக் கிணறு என்பது முதல் நாளே தெரியும், நான்தான் சொன்னேன், அதைப் போட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள், நானும் பேசாமல் இருந்தேன். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. எங்களை ஒருவர் பொய்க்காரர் என்று நினைத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தத் தங்கச்சியிடம் போனோம். போனில் விபரம் சொல்கிறேன், எழுதித் தாருங்கள் என்றேன், மறுத்துவிட்டார். வீட்டைப் பார்க்க வேண்டும், உறுதியின் பிரதியும் சேவையர் பிளானும் பார்க்க வேண்டும், வீட்டில் அதிக காலம் இருந்த ஆளோடு பேச வேண்டும், இந்த மூன்றும் இல்லாமல் எழுதுவதில்லையாம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்கூட்டியில் வந்தார், ஒரு கொப்பி, ஒரு அளவு நாடா. பின்னேரம் நாலு மணிக்குத்தான் போனார்.

முதலில் அளந்தது வீட்டை அல்ல, ஒழுங்கையை. மூன்று இடத்தில் அளந்தார். கிளுவை வேலி முடக்கில் நாடாவின் மறுநுனியை அம்மாதான் பிடித்துக்கொண்டு நின்றார், அந்த இடத்தில் 9 அடி 8 அங்குலம். பத்து அடி என்று போடுங்கள், நாலு அங்குலம்தானே என்றேன். "அண்ணா, வான் வைச்சிருக்கிற ஆள் வந்து அந்த முடக்கில நிண்டுதான் வீட்டைப் பற்றி முடிவெடுப்பார்" என்று சொல்லிவிட்டு 9 அடி 8 அங்குலம் என்றே எழுதினார். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

பிறகு கிணறு. வாளியை விட்டுத் தானே அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். "அன்ரி, கோடையில வத்துமே?" "வத்தாது பிள்ளை. சித்திரையில ரெண்டு முழம் இறங்கும், அவ்வளவுதான்." அதைக் கொப்பியில் அப்படியே எழுதினார். பக்கத்து வீட்டு மாமாவையும் வேலிக்கு மேலால் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு இறைப்பீர்கள், மோட்டார் தனியா என்று கேட்டார். "நல்ல தண்ணீர்" என்று எழுத மட்டும் மாட்டேன் என்றார். கோண்டாவில், இணுவில், திருநெல்வேலிப் பக்கம் தோட்டக் காணிகள், பசளை போட்டுப் போட்டு அது சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதைக்குப் பிறகு வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கிணறு என்றாலே பயம். பரிசோதித்து அறிக்கை எடுங்கள், அதை எழுதுகிறேன் என்றார். எடுத்தோம். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லை, எங்களுடையது 31. அந்த ஒரு இலக்கத்துக்காகவே அவருக்குக் கொடுத்த காசு சரி என்பேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பின் அறையில் போய்க் கதிரையைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் சும்மா இருந்தார். 1995 இடப்பெயர்வில் போய் அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்து ஓடு முழுக்க நொறுங்கிக் கிடந்தது, கையில் இருந்த காசுக்கு அப்பா ஓட்டுக்குப் பதிலாகக் கூரைச் சீற் போட்டார், அது இன்றைக்கும் அப்படியே. வெளியே வந்தபோது அவர் முகம் முழுக்க வியர்வை. அதையும் எழுதப்போகிறாரே என்று நினைத்தேன், எழுதினார்.

கடைசியில் வந்த விளம்பரத்தை முழுதாகத் தருகிறேன், விலையை மட்டும் விட்டுவிடுகிறேன், அம்மாவுக்கு அது வெளியில் வருவது விருப்பமில்லை.

"கோண்டாவில் ரயில் நிலையத்துக்கு நடந்து 8 நிமிடம், யாழ். பஸ் நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் 15 நிமிடம். 4 பரப்பு 9 குழி வளவில், அதாவது 45 பேர்ச்சில், 1978இல் கட்டிய கல்வீடு, வாசல் கிழக்கு. ஒழுங்கையின் ஒடுங்கிய இடம் 9 அடி 8 அங்குலம். வான் வாசல்வரை வரும், பெரிய லொறி சந்தியோடு நிற்கும். மூன்று அறை, ஹோல், சாமியறை, குசினி, 22 அடி நீள முன் விறாந்தை. காலையில் வெயில் விழும், பின்னேரம் நிழல். கதவு, யன்னல், நிலை எல்லாம் முதிரை. முன்பக்கம் ஓடு, 2011இல் பிரித்துப் புதிதாக வேய்ந்தது. குசினிக்கும் பின் அறைக்கும் சீற். பின் அறை மத்தியானத்தில் சூடு, மாற்றிப் போட வேண்டும். குளியலறை உள்ளே ஒன்று, மலசலகூடம் வெளியே இன்னொன்று. கிணறு வடக்கு எல்லையில், பக்கத்து வளவோடு அரைப் பங்கு. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மோட்டார், இறைப்பில் இதுவரை பிணக்கில்லை. 45 வருடத்துக்கு மேலாக இந்த வீட்டார் குடிக்கும் தண்ணீர், உவர் இல்லை, சித்திரையிலும் வற்றுவதில்லை, பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் ஒன்று, தென்னை ஆறு, தேசி ஒன்று. உறுதி ஒருவர் பெயரில், பிளான் இருக்கிறது. வாங்குபவர் இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ உள்ளவராக இருக்க வேண்டும்."

இதில் அழகிய என்ற சொல் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. வாசித்து முடிக்கும்போது வீட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. அக்கா ரொறன்ரோவில் இதை வாசித்துவிட்டு அழுதுகொண்டு போன் எடுத்தாள், விறாந்தையில் காலையில் வெயில் விழும் என்ற வரியில். எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் விற்கிற விளம்பரத்தில் எழுதலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிசையையும் கவனியுங்கள். இடம், பரப்பு, ஒழுங்கை என்று தொடங்குகிறது, ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் வீடு தேடுகிறவர் அந்த வரிசையில்தான் கேட்பார், அறை எத்தனை என்பது அதற்குப் பிறகுதான். பரப்பையும் பேர்ச்சையும் சேர்த்துப் போட்டதும் யோசித்துத்தான். ஒரு பரப்பு 10 பேர்ச், 18 குழி, இது எங்களுக்குப் பாடம், ஆனால் கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேர்ச்தான் விளங்கும், எங்கள் தரகு அலுவலகமோ இரண்டில் ஒன்றையும் போடவில்லை. குடியுரிமை வரியும் அப்படித்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. பழைய விளம்பரத்தில் "வெளிநாட்டவர்களுக்கு மிக உகந்தது" என்று போட்டு, கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் இரவு பதினொரு மணிக்கு வந்த போன் எத்தனை. அந்தப் பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள், குடியுரிமை விஷயத்தைச் சொன்னதும் குரல் இறங்கிவிடும். முதலே சொல்லியிருந்தால் அந்த மனக்கஷ்டம் ஒருவருக்கும் இல்லை.

உறுதி ஒருவர் பெயரில் என்ற மூன்று சொல்லும் இங்கே பெரிய விஷயம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்குக் காணி என்றால் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்துத்தான் வெளியாளுக்கு விற்கலாம், 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதையே சொல்கிறது. அதனால் வாங்க வருகிறவருக்கு உள்ளூர இருக்கிற பயம், பிறகு ஒரு சித்தப்பா மகன் வந்து வழக்குப் போடுவானோ என்பதுதான்.

ஒரு இடத்தில் எனக்கும் அவருக்கும் சரிவரவில்லை. "நல்ல ஆக்கள் இருக்கிற இடம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். அது என்ன சொல்ல வருகிற வரி என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த வரி இருக்கிற விளம்பரத்துக்குத் தான் வேலை செய்வதில்லை என்று அமைதியாகச் சொன்னார். நான் அதை யோசிக்காமல்தான் சொன்னேன், எல்லா விளம்பரத்திலும் வருகிறதே என்று. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அயலைப் பற்றி எழுத வேண்டியது பக்கத்து வீட்டு மாமா இறைப்பில் பிணக்குப் பட்டதில்லை என்பது ஒன்றுதான், அது ஏற்கெனவே இருக்கிறது.

சரி, குறைகளும் உண்டு. சனிக்கிழமை வந்துபோனவர் எழுத்தைத் தர 11 நாள் எடுத்தார். தண்ணீர் அறிக்கைக்காகக் காத்திருந்தது அதில் ஒரு பகுதி, மீதி அவருடைய தாமதம், இரண்டு தரம் நினைவூட்ட வேண்டியிருந்தது. படம் எடுப்பது அவருக்கு வராது. தன் போனில் எடுத்துத் தந்த படங்களில் ஹோல் இருட்டுக் குகை மாதிரி இருந்தது, நான் வேறு ஒரு தம்பியைக் கூப்பிட்டுக் காலையில் திரும்ப எடுப்பித்தேன். ஆங்கிலத்திலும் ஒன்று எழுதித் தந்தார், அது தமிழில் இருக்கிற உயிர் இல்லாமல் வெறும் கணக்கு மாதிரி இருந்தது, கொழும்பு ஆட்களை எதிர்பார்க்கிறவர்கள் ஆங்கிலத்தை வேறு ஆளிடம் கொடுங்கள். விலை என்ன போடலாம் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டார். ஆனால் ஏதாவது ஒரு விலையைப் போடுங்கள் என்று மட்டும் வற்புறுத்தினார், "பேசித் தீர்மானிக்கலாம்" என்று போட்டால் வாங்க வசதியில்லாதவரும் எடுப்பார், வசதியுள்ளவர் எவ்வளவு கேட்பார்களோ என்று எடுக்காமலே விடுவார் என்றார். பத்திரிகைக்கு இவ்வளவு நீளம் போடக் காசு கட்டாது, அதற்கு 30 சொல்லில் தனியாக ஒன்று தந்தார், அதிலும் கிணற்றுப் பங்கை விடவில்லை. இணையத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் முழுதையும் போட்டோம்.

அவர் விற்பனையில் பங்கு கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துக்குக் கூலி, அதோடு சரி. வீடு விற்றால்தான் காசு என்று இருப்பவருக்கு எப்படியாவது கெதியாக முடிந்தால் போதும். இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. சிக்காகோப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் வீட்டு விற்பனைகளை ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஒன்பது பத்து நாள் கூடுதலாக வைத்திருந்து, 3.7 வீதம் கூடிய விலைக்கு விற்கிறார்கள் என்று அதில் வந்தது. மார்கழியில் எங்கள் தரகு அலுவலகம் "வந்த விலைக்கு விட்டுக்குடுங்கோ" என்று நெருக்கியது எனக்கு இதை வாசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

விளம்பரம் போட்ட முதல் மூன்று கிழமையில் வந்தது 14 போன். குறைந்துவிட்டதே என்று பயந்தேன். ஆனால் அந்த 14 பேரும் ஒழுங்கை தெரிந்து, கிணறு தெரிந்து, சீற் தெரிந்துதான் எடுத்தார்கள். பேச்சு நேரே விலையிலும் பார்க்க வருகிற நாளிலும் தொடங்கியது. ஐந்து குடும்பம் வந்தது, முடக்கில் ஒருவரும் திரும்பவில்லை. வாங்கியது ஒரு ஆசிரியத் தம்பதி. அந்தச் சேர் விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார், பின் அறையில் நின்று மேலே பார்த்து, இதற்கு ஓடு போட எவ்வளவு முடியும் என்று மனைவியோடு கணக்குப் பார்த்தார், கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாமாவோடு அரை மணித்தியாலம் கதைத்தார். அந்த ஓட்டுக் காசைக் காட்டிக் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டார், கொஞ்சம் குறைத்தோம். அது நியாயமான குறைப்பு என்றுதான் எனக்குப் பட்டது. வங்கிக் கடன் வரச் சுணங்கி, நல்லூர்த் தேர் முடிந்த கிழமைதான் உறுதி எழுதினோம். கிணற்றில் பங்கு இருப்பதால் நொத்தாரிசு, பக்கத்து வீட்டு மாமாவுக்கும் முறைப்படி எழுத்தில் அறிவித்தார், மாமா தனக்கு வேண்டாம் என்று ஒப்பமிட்டார். உறுதியை வாசிக்கும்போது அரைப் பங்கு என்ற இடம் வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அம்மா என் கையைப் பிடித்தபடி இருந்தார்.

அவரிடம் வேலை கொடுக்க விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், அவரைக் கேட்டுவிட்டு இலக்கம் தருகிறேன். சனிக்கிழமைகளில் மட்டும்தான் வீடு பார்க்க வருவார், இப்போது மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். உறுதியின் பிரதியும் பிளானும் ஆயத்தமாக வையுங்கள், தண்ணீரை முன்கூட்டியே பரிசோதிக்கக் கொடுத்துவிட்டால் ஒரு கிழமை மிச்சம். கிணற்றில் வாளியும் கயிறும் இருக்கட்டும், மோட்டார் இருந்தாலும் அவர் அள்ளித்தான் பார்ப்பார்.